டூ ப்ளஸ்

குன்னூரில் நவம்பர்.
லேபில் சூடாக இருப்பது ஒன்றே ஒன்று,
மெழுகுச் சீவலை மிதக்கவிடும் தண்ணீர்த் தொட்டி.
வேலையில்லாத நேரம்
விரல்களை அதன் விளிம்பில் வைத்துக்கொள்வேன்.

நாலு மைக்ரான். தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு.
கண்ணாடியில் ஏற்றி, சாயம் விட்டு, காத்திருக்கிறேன்.
பிளாக் எண் 418. வயது ஐம்பத்தொன்று. அறவேனு.
பெயர் படிப்பதில்லை என்று வைத்திருந்தேன்.
இன்று மழை. படித்துவிட்டேன்.
மாசியம்மாள்.

ஹெர்-டூ என்றொரு புரதம்.
எல்லோருக்கும் உண்டு, எனக்கும்,
செல்லின் தோலில் அங்கொன்று இங்கொன்றாய்.
யாரும் கூப்பிடாமலே விழித்திருப்பது.
பெருகிவிட்டால்
ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு
உள்ளே திரும்பிச் சொல்லும்: வளர்.
வளர்ந்த பிறகும் சொல்லும்.
வேறு சொல் அதற்குத் தெரியாது.

நிறைய இருந்தால் செல்லைச் சுற்றிப் பழுப்புக் கோடு,
கோழிக்கூண்டின் கம்பிவலைபோல் விட்டுப்போகாமல்.
அது த்ரீ ப்ளஸ்.
இல்லையென்றால் வெறும் நீலம்.
இவளுக்கோ
கழுவாத டம்ளரில் டீ காய்ந்த நிறம்.
பாதி வட்டம் போட்டு
மனம் மாறினாற்போல் நின்றிருந்தது.

"டூ ப்ளஸ்" என்றார் டாக்டர் ஷைலஜா,
கண்ணை எடுக்காமல்.
"கோயம்புத்தூருக்கு அனுப்பு. ஜீனை எண்ணட்டும்."

அன்றைக்குத்தான் பர்லியாரில் மண் சரிந்தது.
பெட்டி கோத்தகிரி சுற்றிப் போனது.
ஏதோ ஒரு வளைவில்
அவள் வாசலைத் தாண்டியிருக்கும்.

ஒன்பது நாள்.
சொல்ல வெட்கம், என் வேண்டுதலை:
நிறைய இருக்கட்டும்.
வெறிபிடித்த வகையாகவே இருக்கட்டும்.
அந்த வகைக்குத்தான் ஒரு பூட்டு உண்டு,
மூன்று வாரத்துக்கொரு முறை நரம்பில் இறங்கி
அந்த வாயை மட்டும் தேடிப் பொத்தும் மருந்து.
என் சாயத்துக்கு அது தங்கை முறை.
நான் காட்டிக்கொடுப்பேன், அது போய்ப் பிடிக்கும்.
இரண்டுங்கெட்டானாய் இருப்பதை
எந்த மருந்திடம் காட்ட?

இதயம் கொஞ்சம் களைக்கலாம். எக்கோ எடுக்கணும்.
அறவேனுவிலிருந்து எத்தனை பஸ்.
அதெல்லாம் பிறகு.

பத்தாம் நாள் தாள் வந்தது.
பச்சைப் புள்ளி இரண்டிரண்டாய்,
சிவப்பு, ஒரே செல்லில் பதினாலு.
"அப்பாடா" என்றேன், சத்தமாகவே.
சளி டப்பாவோடு ஜன்னலில் நின்ற பையன் கேட்டான்,
"நல்ல சேதியாக்கா?"