பத்து எண்ணும்வரை

எழும்பூரில் அந்த அறையில்
பிள்ளைகளுக்கான நாற்காலியில்
முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தேன்.
வயது இரண்டரை என்று ஒரு கட்டத்திலும்
பேச்சு பதினோரு மாதம் என்று இன்னொன்றிலும்
பர்ஹானா மேடம் எழுதினார்கள்.
ஒரே பிள்ளைக்கு ரெண்டு வயசா என்றேன்.
அவர்கள் சிரிக்கவில்லை.
சீக்கிரம் வந்துட்டீங்க, நல்லது என்றார்கள்.

சீக்கிரமா?
ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும் என்று
வியாசர்பாடியில் பாதிப் பேர் சொல்ல
எட்டு மாதம் தலையாட்டியவன் நான்.
வெளியே வரிசையில்
பொன்னேரியிலிருந்து முதல் ரயிலில் வந்த ஒருத்தி
ஆறு வயசுப் பையனை மடியில் வைத்திருந்தாள்.
வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுப்பாடம் எனக்குத்தான்.
கேட்பதற்கு முன்னால் கொடுக்காதீங்க.
டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு
மனசுக்குள் பத்து எண்ணுங்க.

தண்ணீர் கேன் போடுகிறவனிடம் இதைச் சொன்னார்கள்.
மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது,
வாசலில் காலி கேன் நின்றால் போதும்,
மணி அடிக்காமல் மாற்றி வைத்துவிட்டு இறங்குபவன்.
நாளைக்கு அறுபது வீடு.
எவரும் வாய் திறந்து கேட்டதில்லை.

ஏனோக் என் கையைப் பிடித்து
டம்ளர்மேல் வைப்பான்,
ஸ்பேனரை எடுத்து வைப்பதுபோல.
ஒன்று. இரண்டு.
மே மாதம். உதடு காய்ந்திருக்கும்.
ஆறு வருவதற்குள் அழுவான்.
பாவி, குடுத்துத் தொலையேன் என்பாள் சூசன்னா
உள்ளேயிருந்து, அவளும் அழுதுகொண்டே.
பல நாள் ஏழிலேயே கொடுத்துவிட்டேன்.
மேடத்திடம் பத்து என்று பொய் சொன்னேன்.

ஆகஸ்டில் ஒருநாள், ஒன்பதில்,
கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தான்.
"த்தா" என்றான்.
எங்கள் தெருவில் அதற்கு வேறு அர்த்தம்.
சூசன்னா ஓடிவந்து
அந்த வாயிலேயே முத்தம் கொடுத்தாள்.

நேற்று ராத்திரி
நோட்டில் கேன் பாக்கியைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
சட்டையை இழுத்தான்.
தண்ணீர் நீட்டினேன், தள்ளிவிட்டான்.
பிஸ்கட்டையும்.
ஒற்றை விரலை டியூப்லைட் பக்கம் நீட்டி
என் முகத்தைப் பார்த்தான்,
திரும்ப அங்கே, திரும்ப என்னை.

வால் அறுந்த ஒரு பல்லி.
அது அவனுக்கு எதற்கும் வேண்டியதில்லை.
நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பார்த்தேன்,
எண்ண மறந்து,
பல்லி போன பிறகும்.