பதினேழு கதவுகள்

எண்ணெய்க் குப்பியை எடுத்து வை என்றார்கள்.
மூன்று வாரம் எந்தக் கீலையும் தொடக் கூடாதாம்.
கதவு முனகினால் என்னைக் கூப்பிட்டுத் திட்டும்
அதே தலைமையாசிரியை.

சிலோயே தீவில் மரம் முழுசாகக் காய்ந்து நான் பார்த்ததில்லை.
எங்கள் பள்ளிக்கூடமோ மொத்தமும் மரம்.
நாலு நாள் மழை விடாமல் பெய்தால்
ஊறப்போட்ட பட்டாணி மாதிரி
உப்பிக்கொண்டு நிற்கும்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி.
அக்கரையிலிருந்து பெற்றோர் படகில் வந்தார்கள்,
ரப்பர் பூட்ஸும் மடியில் மில்காவோ சட்டியுமாக.
மேடை கிடையாது இந்த வருஷம்.
ரொசாரியோவின் சக்கர நாற்காலி ஏற
சரிவுப்பாதை கட்டப் பணம் வரவில்லை,
மேடையைக் கழற்றிவிட்டோம்.
ஆணி பிடுங்கியது நான்.

தரைமட்டத்தில் எல்லாம்.
ஊதா, கறுப்பு, கட்டைவிரல்போல் வளைந்தது என்று
நாற்பது உருளைக்கிழங்குக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி
ஒன்றையும் தொட விடாமல் யாமிலெத்.
ஹைட்டியிலிருந்து வந்த வித்லீன்
தன் கிரியோலில் நூறுவரை எண்ண,
கூடவே எண்ணிய மீன்துறை ஆள்
நாற்பத்தேழில் மூச்சுவாங்கி நின்றுவிட்டார்.

எலியாசருக்கு மேசை இல்லை.
கழுத்தில் கயிறு கட்டிய நோட்டு மட்டும்.
பேசமாட்டான்.
கைதட்டல் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு
பெஞ்சுக்கடியில் போய்விடுவான்.
அதனால் அன்று யாரும் தட்டவில்லை,
மைக்கும் இல்லை.
நகரத் தலைவர் நாலு பக்கப் பேச்சை மடித்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
பதவிக்கு வந்து அவர் செய்த முதல் நல்ல காரியம்.

ஆறு ஆறு பேராகப் பூட்ஸைக் கழற்றிவிட்டு
காலுறையோடு அவன் பின்னால் நடந்தார்கள்.
ஒரு கதவைத் திறப்பான்.
கேட்கவேண்டும்.
பிறகு நோட்டைக் காட்டுவான்.

ஒன்று: கிரீச், நீளமாக.
நாலு: மழைநாளில் பேசாது.
ஏழு: போகும்போது ஒரு சத்தம், வரும்போது வேறு.
ஓரத்தில் நாள்வாரியாக மழைமானிக் கணக்கு,
மில்லிமீட்டர் பிசகாமல்.
ஆசிரியர் விளக்க வாயெடுத்தார்.
வித்லீன் உதட்டில் விரல் வைத்தாள்.

பன்னிரண்டாவது
வாளியும் துடைப்பமும் இருக்கும் அறை.
அங்கே யார் வரப்போகிறார்கள் என்று
உள்ளே முக்காலியில் நான்,
வாயில் ரொட்டி.

மெல்லத் திறந்து பாதியில் நிறுத்தினான்.
ங்ஙீ, என்று ஏதோ கேட்டு முடிப்பதற்குள்
மனம் மாறியதுபோல் ஒரு சத்தம்.
பதினோரு வருஷமாகத் திறக்கிறேன்,
ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.
நோட்டை என் பக்கம் திருப்பினான்:
பன்னிரண்டு. பிரிஸ்கா.
தினமும் பன்னிரண்டு நாற்பதுக்கு.
பாதிதான் திறப்பாள்.

ஆறு ஜோடிக் காலுறைகள்
வாசலில் நின்று என்னைப் பார்த்தன.
நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இருந்ததில்லை,
நாற்காலி போடுவதோடு என் வேலை சரி.
எழுந்து ஏப்ரனில் துணுக்குகளைத் தட்டிவிட்டு
கதவை மூடினேன். மறுபடி திறந்தேன்.
பாதிவரை.
அவன் பென்சிலால் ஒரு சரி போட்டான்.
அப்புறம் பதின்மூன்றுக்குப் போய்விட்டான்,
என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்களன்று எண்ணெய் போடச் சொன்னார்கள்.
குப்பியைத் தேடுகிறேன் என்றேன்.
இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று காலை நாலாவது கதவைத் தள்ளினேன்.
பேசவில்லை.
மாடிக்குப் போய்
ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன்.