நூற்றெழுபத்தொன்றாம் பக்கத்தில் கையுறை

டாலினிலிருந்து டோனிஸ் எழுதியிருந்தார்:
நாவல் நன்று. பனி நன்று.
நடுவில் மட்டும் தூங்கிவிட்டேன்.
மூன்றாவதாக ஓர் ஆள் வரட்டும்,
பெரிதாக வேண்டாம்,
ஒப்புக்கு ஒருவன்.

என் நாவல் ஒரு சாலையைப் பற்றியது.
கடல் உறைந்தால் மட்டும் இருக்கும் சாலை,
ரோஹுகூலா துறையிலிருந்து ஹீயுமா தீவுக்கு.
விடியுமுன் காலேவ் துளைக்கருவியோடு நடந்துபோய்
பனியின் கனத்தை அளப்பான்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்றால் திறப்பான்.
அவன் மனைவி மைமு
தடுப்புக்கட்டையருகே நின்று
போகும் வண்டிகளை எண்ணி நோட்டில் குறிப்பாள்.
வரும் வண்டிகளையும்.
அவ்வளவுதான் கதை.
எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒப்புக்கு இந்த்ரெக்கை உண்டாக்கினேன்.
கால்நடை மருத்துவன்,
தீவின் பசுக்களுக்காக வாரம் இருமுறை கடப்பவன்.
முதலில் அழகனாக்கினேன், அடித்தேன்.
கவிதை வாசிப்பவனாக்கினேன்,
எனக்கே கூச்சமாக இருந்தது.
கடைசியில் முன்பல் உடைந்தவனாக,
சிரிக்கும்போது உதட்டை மடித்துக்கொள்பவனாக
விட்டுவைத்தேன்.
மைமு அதைப் பார்த்துவிட்டாள்.
நான் பார்க்கச் சொல்லவில்லை.

முக்கோணம் என்கிறார்கள்.
எனக்குக் கணக்கு வராது, ஆனாலும்
மூன்று முனை இருந்தால் மூன்று கோடும் வேண்டுமே.
காலேவுக்கும் இந்த்ரெக்குக்கும் இடையில்
கோடே இல்லை.
அதனால் ஒரு ராத்திரி இருவரையும்
ஒரே வண்டியில் ஏற்றினேன்.

பனிச்சாலையில் இருக்கைப்பட்டை கட்டக்கூடாது.
உடைந்தால் குதிக்க வேண்டும்.
வேகம் இருபத்தைந்துக்குக் கீழே,
இல்லை நாற்பதுக்கு மேலே.
இடைப்பட்ட வேகத்தில் போனால்
அடியில் தண்ணீர் அலையாகிப்
பாளத்தைத் தூக்கும்.
காதலைப் பற்றி நான் எழுத நினைத்ததையெல்லாம்
சாலைத்துறையின் பலகை
முன்பே சொல்லிவிட்டிருந்தது.

அந்த இருட்டில் அவர்கள் பேசியது
பசுவின் மடிவீக்கம் பற்றி.
காலேவுக்கு அவனைப் பிடித்துப்போனது.
அங்கேதான் என் உபகதை கெட்டது.

நாலு வாரம் முட்டிப் பார்த்தேன்.
ஒரு கடிதம், ஒரு அறை,
கதவடியில் ஒட்டுக்கேட்கும் பக்கத்துவீட்டுக்காரி.
எதைத் திறந்தாலும்
வேறு யார் வீட்டு அலமாரியோ கிறீச்சிட்டது.
யாரைத் தேர்ந்தெடுக்கிறாள், கேட்டார் டோனிஸ்.
மைமு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
வியாழக்கிழமைகளில் மட்டும்
ஒன்று தப்பியது.

மார்ச்சில் சாலையை மூடினார்கள்.
நானும் இந்த்ரெக்கை அழித்தேன்.
பெயரைத் தேடித் தேடி,
நூற்றுப் பதினெட்டு இடங்களில்.
பசுக்களுக்கு வேறு மருத்துவர் கிடைத்தார்,
மூட்டுவலிக்காரர், குளிர்காலத்தில் வெளியே வராதவர்.

மெய்ப்பு வந்தது.
நூற்றெழுபத்தொன்றாம் பக்கத்தில்
டோனிஸ் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்:

*அடுப்பின் மேல் ஈரக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.
காலேவ் அவற்றைத் திருப்பிப்போட்டான்.*

யாருடையவை?

மைமுவுடையதில் சிவப்புப் பின்னல் உண்டு.
காலேவ் கையுறை போடுவதில்லை,
எட்டாம் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்.
அந்த வாக்கியத்தில் பெயர் இல்லை,
அதனால் என் தேடலில் சிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே
துறைமுகத்தில் முதல் படகு பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் அதே இரண்டு வரியைப்
பலமுறை வாசித்தேன்.
காலேவ் கேட்கவில்லை.
எடுத்து எறியவில்லை.
மறுபக்கமும் காயட்டும் என்று
திருப்பிப்போட்டான்.
மைமு நோட்டிலிருந்து தலையைத் தூக்கியிருக்க வேண்டும்.
அதை நான் எழுதவில்லை.

ஓரத்தில் ஒரே சொல் குறித்தேன்:
இருக்கட்டும்.

வாரம் கழித்து டோனிஸ் எழுதினார்.
இம்முறை தூங்கவில்லையாம்.
கையுறை யாருடையது என்றுதான்
அவர் மனைவி
திரும்பத் திரும்பக் கேட்கிறாளாம்.