நீலக் குடை, வேன்

பீடோங் பக்கம் செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
நான் கிராணி.
லாரி ஏறும், எண் விழும், லாரி இறங்கும்.
இருபத்திரண்டு வருடத்தில்
எத்தனை ஆயிரம் டன் எழுதியிருப்பேன்;
ஓட்டி வந்தவன் பேர் கேட்டதில்லை.

ஐம்பத்தொரு வயதில்
'என்னையும் சேத்துக்குறீங்களா' என்று
யாரிடம், எந்த முகத்தோடு கேட்பது?
எட்டு வயதில் பையில் நாலு கோலி இருந்தால் போதும்.
இப்போது முப்பத்தைந்து வெள்ளி.
வேன் செலவு, பசியாறல் உட்பட,
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு,
'நம் வட்டார வரலாறு காண்போம்'.
ஒட்டுக்கடைச் சுவரில் பார்த்தேன்.
தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு பேரும் ஜன்னலோரம் தேடினோம்.
வேனுக்கு அத்தனை ஜன்னல் இல்லை.
அதனால்தான் பத்மலோசனி என் பக்கத்தில் உட்கார்ந்தார்,
நீலக் குடையை நடுவில் நட்டு,
எல்லைக்கல் மாதிரி.

மெர்போக் மலையடிவாரத்தில்
கல் அடித்தளம். அதற்கு மேல் வானம்தான்.
கூரை மரமாக இருந்திருக்கும், மக்கியிருக்கும்
என்றார் வழிகாட்டி.
"இருந்திருக்கும்னா? உங்களுக்கே தெரியாதா?"
இது ரெகுபதி, ஓய்வு பெற்ற பாய்லர்காரர்.
தூண் நின்ற குழிகளில் நேற்றைய மழை.
ஊய் லிங் ஒவ்வொரு குழியாக எண்ணிப் பார்த்தாள்.
ஹபீபா டீச்சர் அத்தாப்பு வேய்ந்தார்.
ரெகுபதி தகரம் போட்டார், "ஒழுகாதுல்ல."
பத்மலோசனி ஒன்றும் சொல்லாமல்
குழி மேட்டில் ஏறிக் குடையை விரித்தார்.
வழிகாட்டிதான் முதலில் சிரித்தார்.

அன்றே எல்லோரும் நெருங்கிவிட்டோம் என்று எழுத ஆசை.
இல்லை.
திரும்பும்போது பாதிப் பேர் தூக்கம்.
அடுத்த மாதம் நாலு பேர் வரவில்லை.
சுங்கை பத்துவில், இரும்பு உருக்கிய மேட்டில்,
நானும் ரெகுபதியும் தேர்தல் பேசிக் கெட்டோம்;
அதற்கடுத்த மாதம் அவர் முன்சீட்டில், நான் கடைசியில்.
சீனக் கோவிலில் ஊதுபத்தியை எப்படிப் பிடிப்பதென்று
ஊய் லிங் என் விரலைப் பிரித்துக் காட்டினாள்.
ஹபீபா டீச்சர் வாசலில் நின்று
எங்கள் செருப்புகளுக்குக் காவல்,
"எண்ணி வாங்கிக்குங்க, அப்புறம் கேக்கக் கூடாது."

ஏழாம் மாதம்
கயிற்றில் தொங்கும் கோப்பி ஓ பையை நீட்டினார் ரெகுபதி.
"சீனி கம்மி. உனக்கு இனிப்பு இருக்குல்ல."
எப்போது சொன்னேன்?
ஏதோ ஒரு படிக்கட்டில்,
மூச்சு வாங்க நின்றபோது சொல்லியிருப்பேன்.

போன செவ்வாய் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரி.
இடது கண்ணில் புரை.
துணையில்லாமல் வந்தால் தொட மாட்டோம் என்றிருந்தார்கள்.
போனை எடுத்து
'நீலக் குடை, வேன்' என்ற பேரை
முதல் நாள் பதிந்தபடியே அழுத்தினேன்.
"எத்தனை மணிக்கு?" என்றார். அவ்வளவுதான்.

பாரத்தில் முழுப்பெயர் கேட்டார்கள்.
பத்மலோசனி த/பெ சின்னப்பையன்.
ஒரு வருடமாகத் தோள் உரசி உட்கார்ந்தவர்;
அவர் அப்பா பேர்
அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த கட்டம்: உறவு.
நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.
"அக்காவா, அங்கிள்?"
"அக்காவா? இவர விட நாலு வயசு சின்னவ நான்!"
பேனா காகிதத்துக்கு மேல் நின்றது.
நண்பர் என்று எழுத
ஏனோ கூச்சம்,
முதல் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவன் மாதிரி.
அவரே பேனாவைப் பிடுங்கி
'ஒரே வேன்' என்று எழுதினார்.
நர்ஸ் மேலே ஒன்றும் கேட்கவில்லை.
முத்திரை குத்தினாள்.

சாயங்காலம் ஒற்றைக் கண்ணோடு வெளியே வந்தால்
கொட்டுகிற மழை.
குடையை வீட்டிலேயே மறந்துவிட்டாராம்.
ரெகுபதி காடியைக் கூரையடி வரை ஏற்றிக் கொண்டுவந்து
ஹார்ன் அடித்தார்,
ஆஸ்பத்திரி என்றும் பாராமல்,
இரண்டு முறை.