சாய்கோடு

கலியாணக் கார்டு என்றால் கை தானாக ஓடும்.
வலது மூலையில் ஆர்.எஸ்.வி.பி.,
கீழே மாப்பிள்ளையின் மாமா நம்பர்.
பிரெஞ்சில் 'தயவுசெய்து பதில் சொல்லவும்' என்று அர்த்தமாம்.
ஏறாவூரில் யாரும் சொன்னதில்லை.
முந்நூறு கார்டு அடித்துக் கொடுத்தேன்,
எழுநூறு பேர் பதில் சொல்லாமல் வந்து
சாப்பிட்டுப் போனார்கள்.

சுபமுகூர்த்தம் ஒன்பது ஐந்து ஏ.எம்.
அந்த ஏ.எம். லத்தீன் என்று
ஐயருக்கும் தெரியாது,
எனக்கும் போன மாதம்வரை.
இங்கிலீஷ்காரன் கடன் வாங்கித்
திருப்பிக் கொடுக்காத சாமான்களை
நான் கோட்டைமுனையில் இருந்து விற்கிறேன்.

புதன்கிழமை பின்னேரம் டெரன்ஸ் பார்த்தலோ வந்தார்.
சட்டைப் பையில் தச்சுப் பென்சில்,
கையில் கொப்பித் தாள்.
மரண அறிவித்தல். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.
மெர்லின் பார்த்தலோ,
பிறகு ஒரு சின்னச் சொல்,
பிறகு அன்ட்ராடோ.

அந்தச் சின்னச் சொல் பிரெஞ்சு.
இன்னார் வீட்டில் பிறந்தவள் என்று பொருள்.
'நே' என்று வாசிக்க வேண்டும்.
ஒரு என், இரண்டு ஈ,
முதல் ஈயின் தலையில் ஒரு சாய்கோடு.
கடைக் கம்ப்யூட்டரில் அந்தக் கோடு இல்லை.
ஒருமுறை அடித்தால் வெறும் பெட்டி.
மறுமுறை, வீடு மாறி ஏறிய விருந்தாளி மாதிரி
தமிழ் எழுத்தொன்று வந்து நின்றது.

"கோடு வராது அங்கிள்.
இங்கிலீஷ்காரரே இல்லாமப் போடுறாங்க."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திரைக்குக் கிட்ட வந்தார்.
போனில் நாமெல்லாம் தமிழை
இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவோமே,
அந்தப் பழக்கத்தில் வாசித்தார்:

நீ.

மெர்லின் பார்த்தலோ, நீ, அன்ட்ராடோ.

ஃபோட்டோகொப்பி மெஷின்
யாருடையதோ அடையாள அட்டையைத் துப்பிக்கொண்டிருந்தது.

"வீட்டுல நாங்க போர்த்துக்கீசுதான் கதைச்ச.
சண்டை வந்தாத்தான் தமிழ்.
நீ எண்டு சொன்னதெல்லாம் சண்டையிலதான்."

மறுகா, "இருக்கட்டும் புள்ள. கோடு வேணாம்" என்றார்.

தமிழ்ப் பிரதியில் 'பிறப்பால் அன்ட்ராடோ' என்று
ஒழுங்காக அடித்திருந்தேன்.
அதை அவர் பார்க்கவேயில்லை.
மிச்சக் காசையும் எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை தாண்டவன்வெளியில்
மின்கம்பமொன்றில் ஒட்டியிருந்தது. சைக்கிளை நிறுத்தினேன்.
முதல் ஈயின் தலையில்
தட்டைப் பென்சிலால்
யாரோ தடிப்பாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

அடுத்த கம்பத்தில் இல்லை.