சட்னி ஜார்

மிக்சி ஷிபுவோடு பாறசாலைக்குப் போய்விட்டது.
அதன் சின்ன ஜார்
இங்கே களியக்காவிளையில்,
அரிசி வாளிக்குப் பின்னால்
பதினோரு மாதமாய்க் கிடக்கிறது.

வக்கீல் எழுதிய பட்டியலில்
கட்டில் இருந்தது, பீரோ இருந்தது,
ஜெஸ்லினின் சனி ஞாயிறுகள் இருந்தன.
ஜார் இல்லை.

திருப்பிக் கேட்க அவனுக்கு வீம்பு.
கொடுத்தனுப்ப எனக்கு.
கடையில் சட்னிப்பொடி வாங்கி
நல்லெண்ணெய் விட்டுச் சமாளித்தேன்.

போன ஞாயிறு பஸ்ஸிலிருந்து இறங்கியவள்
செருப்பைக் கழற்றும் முன்னே சொன்னாள்:
"அப்பா தோசைக்கு
சீனி தொட்டுத் தாராரு."
சிரித்தேன்.
ராத்திரி பாத்திரம் கழுவும்போது
அது சிரிப்பாக இல்லை.

இருபது ரூபாய்க்குப் புது ரப்பர் வளையம்.
கணக்கு நோட்டுக்கும்
மாற்று உடுப்புக்கும் நடுவே
துண்டில் சுற்றி வைத்தேன்.
குறிப்பு எதுவும் எழுதவில்லை.

வண்டி நகர்ந்துவிட்டது.
அப்போதுதான் ஞாபகம் வந்தது,
அவன் போட்டதை மறந்து
மறுபடி போடுகிறவன்.
சன்னலோடு கொஞ்ச தூரம் ஓடினேன்:

"உப்பை நீ போடு, மக்ளே!"

கண்டக்டர்
மலையாளத்தில் என்னவோ கேட்டார்.
பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.