விற்க வராத நாள்

பதினோரு வருஷத்தில் முதல் விடுமுறை.
வாடகைக் கண்ணாடிகளையும் மூச்சுக்குழாய்களையும்
சில்லறை டப்பாவையும்
நாத்தனார் பெலேனிடம் ஒப்படைத்துவிட்டு
நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்,
என் தீவைச் சுற்றிப் பார்க்க.

வரைபடம் எனக்குத் தேவையில்லை.
ஆனாலும் ஒன்று வாங்கினேன், அதுதான் முறை என்று.
அதில் என் வீடு இருக்கும் இடத்தில்
ஒரு தென்னை மரம் வரைந்திருந்தார்கள்.

யும்பிங் கரையில், விடிவதற்குள்,
படகுக்காரர் தியோடுலோ என் பையை எட்டிப் பார்த்தார்.
"என்ன விற்கப் போறே?"
ஒன்றுமில்லை, பார்க்கப் போறேன்.
"எதை?"
மணல்திட்டை.
அவர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.
காசு வேண்டாம் என்றார்.
வாங்கினால்தான் ஏறுவேன் என்றேன்.
கொரியப் பயணிகள் நால்வர்
எங்கள் சண்டையைப் படம் பிடித்தார்கள்.
அதுவும் ஒரு காட்சிதானே.

மணல்திட்டில் மரமில்லை, நிழலில்லை.
நகம் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி
கடலுக்கு நடுவே கிடக்கிறது;
நேற்று தெற்கே இருந்த வால்
இன்று வடக்கே.
குடை வாடகைக்கு விடும் பையன் ஓடிவந்தான்:
"இங்கே இடமில்லை, அக்கா. என்ன சரக்கு?"
கடல் முள்ளெலியை உடைத்து
வினிகர் ஊற்றித் தருகிறவள்
தன் கூடையை என் பக்கமிருந்து நகர்த்திக்கொண்டாள்.

பிறகு திரும்பி நின்றேன்.
ஹிபோக்-ஹிபோக்.
அதன் மடியிலேயே இருந்துவிட்டேன்,
முகத்தைப் பார்த்ததில்லை.
இவ்வளவு பெரிய நெருப்பா?
இவ்வளவு பக்கத்திலா
நாங்கள் அரிசி களைகிறோம்?

அருவியில் கழுத்து விறைத்தது.
மஹினோக்கில் வேன் டயர் வெடித்தது.
பூராவின் சோடா நீர்க் குளத்தில்
குளித்தேன், கொஞ்சம் குடித்தேன்,
ஏப்பம் மட்டும் வரவில்லை.
சீட்டுக் கிழிக்கிறவள் கேட்டாள்,
"என்ன விற்கிறே?"
அலுத்துப்போய், என் முழங்காலை என்றேன்.
அரை விலைக்குக் கேட்டாள்.

சாயங்காலம், மூழ்கிய கல்லறைத் தோட்டம்.
என் கடை.
கடலுக்குள் நிற்கிறது அந்தப் பெரிய சிலுவை.
மலை வெடித்த காலத்தில் ஊரோடு கீழிறங்கியவர்கள்;
யார் யார் என்று எவருக்கும் தெரியாது.
எங்கள் ஆட்களும் இருக்கலாம் என்பதால்
நான் இத்தனை நாளும்
மேலிருந்தே வாடகை வாங்கிவந்தேன்.

பெலேனிடம் நூறு பெசோ நீட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை. எண்ணினாள்.
"எச்சில் துப்பித் தேய், ஆவி படியாது" என்றாள்,
எனக்கே.

உள்ளே, பவளம் போர்த்திய கற்கள்.
எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை.
மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து
சாவுக்கு வந்தவர்கள் போல
சற்று நின்று கலைந்தன.
அப்புறம், ஒரு கல்லின் ஓரத்தில்,
நீல வார்.
எங்கள் எண். பதினேழு.

மூன்று வருஷம் முன்னால்
தொலைத்துவிட்டேன் என்று கைபிசைந்து நின்றான்
டில்மன் என்கிற ஜெர்மன் பையன்.
பொய், திருடப் பார்க்கிறே என்று
நாலு பேர் பார்க்க
ஐந்நூறு பெசோ கறந்தேன்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னே இப்போது
விரல்நீள மீனொன்று குடியிருந்தது.
எட்டிப் பார்த்தது,
வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல.
நீட்டிய கையை
எடுத்துக்கொண்டேன்.

கரையில் பெலேன், துண்டோடு.
"எல்லாம் பார்த்தாயா?"
பார்த்தேன்.
"எப்படி?"
இடது பக்கம் தண்ணீர் இறங்குது, ரப்பரை மாற்று.

பிறகு பழைய வாடகைப் பேரேட்டைப் பிரித்து
விளக்கடியில் வைத்துத் தேடினோம்.
அவன் பெயர் இருந்தது.
அதற்குப் பக்கத்தில்
ஊர் என்ற கட்டத்தில் அவன் எழுதியிருந்ததை
எங்கள் இருவராலும்
படிக்க முடியவில்லை.